சோற்றுப் பருக்கையால் ஒட்டிய மூன்று படங்கள்

அப்பா இறந்த பிறகு எனக்கும் அம்மாவுக்கும் மிஞ்சியது அரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் வேர்க்கடலை, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. நான் அஞ்சாவதோடு நின்றுவிட்டு முள்ளிப்பட்டில் ஒரு வீட்டுத் தறிக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். புருஷன் இல்லாதவர்களுக்குக் கவர்மெண்ட் மாதாமாதம் பணம் அனுப்புகிறது என்று யாரோ சொல்ல, மனு கொடுக்க அம்மா என்னை ஆரணிக்குக் கூட்டிப்போனாள்.

அதுவரை அம்மா போட்டோவே எடுத்ததில்லை. ஸ்டூடியோவில் முந்தானை நழுவியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்; கையை எடுப்பதற்குள் விளக்கு மின்னிவிட்டது. அதையே மூன்று படமாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

"மூணையும் ஒட்டுடி."

"ஒண்ணுதாம்மா கேட்டாங்க."

"ஒண்ணு ஒட்டுனா மறந்துடுவாங்க. மூணு ஒட்டுனா எந்தப் பக்கம் பொரட்டுனாலும் நான் மொறைச்சிகினு இருப்பேன். ஜல்தி வரும்."

மதியத்துக்குக் கட்டிவந்த சோற்றில் பருக்கை எடுத்து நசுக்கி நான்தான் ஒட்டினேன். நன்றாக அழுத்தி ஒட்டினேன்.

ஜல்தியாக வரவில்லை. ஆனால் வந்தது. தபால்காரர் சைக்கிளில் இருந்தே கூவுவார்.

"இன்னாம்மா கலெக்டரம்மா, சம்பளம் வந்துகீது. கட்டைவிரல நீட்டு!"

"உனுக்கு டீ வாங்கிக் குடுத்தே என் சம்பளம் தீந்துடும் போலக்குதே" என்பாள் அம்மா.

பெரிய பணம் இல்லை. ஆனால் முன்பெல்லாம் வைகாசியில் அரிசி தீர்ந்ததும் விதைக்கடலையை விற்றுவிடுவோம். ஆடியில் விதைக்க ஊரெல்லாம் கேட்டு நிற்போம். பணம் வர ஆரம்பித்த பிறகு விதைக்கடலை மூட்டை வாய் தைத்தபடியே ஆடி வரைக்கும் மூலையில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அம்மா அதை மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொடுப்பாள்.

மூன்றாம் வருஷம் அம்மா போய்விட்டாள். காய்ச்சல், நாலே நாள். அடுத்த மாதம் தபால்காரர் கூவவில்லை. மணியார்டர் பாரத்தில் என்னமோ எழுதிக்கொண்டு, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வர அவருக்கும் வேலை இல்லை, வேறு யாருக்கும் இல்லை. தறியிலிருந்து திரும்பினால் மூட்டை மட்டும் இருக்கும். ஆடி வந்தும் நான் விதைக்கவில்லை.

பயம் என்னவென்றால், அம்மாவின் முகம் மறக்கத் தொடங்கியது. சிரித்தால் எந்தப் பக்கம் பல் இருக்காது? யோசித்தும் வரவில்லை. வீட்டில் ஒரு படம்கூட இல்லை. இருந்த மூன்றும் ஆபீசில்.

ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆரணிக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் திட்டவில்லை. பழைய மனுவைத் தேடி எடுத்தார்.

"மூணா? யாரும்மா இப்டி ஒட்டுனது? எனக்கு ஒண்ணு போதும், ரெண்ட நீ எடுத்துக்கோ."

பிளேடை வைத்து நெம்பினார். படம் வரவில்லை. அம்மாவின் கன்னம் வெள்ளையாகக் கிழிந்தது.

"இன்னா கோந்து இது?"

"சோறு சார்."

அடுத்த படத்தில் பிளேடை வைத்தார். "வேணாம் சார், விட்டுடுங்க" என்றேன்.

பார்த்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு டீக்குப் போனார். கிழியாத படத்தில் அம்மா முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் முந்தானையைப் பிடித்தபடி நாலு விரல். என் விரல்கள். அதே கையை அந்தத் தோளின் மேல் வைத்தேன். அவர் திரும்பி வரும்வரை எடுக்கவில்லை.