செவ்வாய்க் கிரகத்து அரக்கன்

நெய்வேலியில் எனக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார் அவர். சுரங்கத்தில் எச்சரிக்கைப் பலகை எழுதும் பெயிண்டர். ஒல்லியான உடம்பு, நக இடுக்கில் எப்போதும் சிவப்புப் பெயிண்ட். ஷிஃப்ட் முடிந்து வந்தால் சிறுவர் பத்திரிகைக் கதைகளுக்கு அரக்கர்களை வரைவார். முடித்ததும் படத்தைச் சவரக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பார். திருப்பிப் பார்த்தால்தான் தப்பு தெரியுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுப் புதுப் படத்தைக் காட்டினார். செவ்வாய்க் கிரகத்து அரக்கன் ஒருவன் பாறைமேல் உட்கார்ந்திருந்தான்.

"பல்லு வச்சா நம்ம மைன்ஸுல மண்ணு வெட்டுற மெஷினுன்னு சொல்லிடுவாங்க. அதான் வாயே வெக்கல. இந்த மாதிரி எங்கியாவது பாத்திருக்கீங்களா சார்?"

பார்த்திருந்தேன்.

"ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கப் போட்டு... குள்ளஞ்சாவடி போற வழியில வீரனார் சாமி சிலை இப்படித்தானே உக்காந்திருக்கு?" என்றேன். பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் சிரிக்கவில்லை.

"எங்க ஊரு வீரனாரும் இப்பிடித்தான் உக்காந்துகினு இருப்பாரு. மைன்ஸுக்கு ஊர எடுத்தப்ப அந்த எடமும் போயிடுச்சு. நான் அதெல்லாம் நெனைக்கறதே இல்லீங்க."

படத்தைக் கண்ணாடி முன் பிடித்தார். இடது கால் வலது காலாயிற்று. பாறைமேல் உட்கார்ந்திருந்தவர் மாறவில்லை.

அதை அவர் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. அடுத்த வாரம் போனபோது சுவரில் மாட்டியிருந்தார். பூ இல்லை, ஊதுவத்தி இல்லை. அந்த வீட்டிலிருந்த ஒரே நாற்காலி மட்டும் அதன் பக்கம் திரும்பியிருந்தது.