கடைசிக் காலி வரி

என் அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போய் மலையிலேயே விடுபட்டுப் போனவர். மூடுபனியில் ஆட்களை எண்ணாமல் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்கள். மறுநாள் மலையேறும் மெட்டுச் சாலை ஓரத்தில் விறைத்துக் கிடந்தார். இனி ஒருத்தர்கூட அப்படி விடுபடக் கூடாது என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

எங்கள் சுருளிப்பட்டி ஜீப்புக்குக் கங்காணி ஒரு அக்கா. காலையில் ஏறுகிறவர்கள், மாலையில் திரும்ப ஏறுகிறவர்கள் என்று வரிக்கு ஒரு பெயராகப் போனில் தட்டி, டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்பச் சொன்னேன். அதை எக்செல்லாக மாற்றப் பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஆள் குறைந்தால் கட்டம் சிவப்பாகும்.

முதல் நாளே காலையில் பன்னிரண்டு, மாலையில் பதின்மூன்று. ஆள் கூடினால் என்ன நிறம் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஒரு வாரமும் அப்படியே வந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தால், மாலைப் பட்டியலின் கடைசியில் ஒரு காலி வரி. சே, இவ்வளவுதானா! காலி வரியை எண்ணாதபடி புரோகிராமைத் திருத்தினேன். எண்ணிக்கை ஒத்துப்போனது.

ஷீட்டைக் காட்டியபோது அக்காவின் முகம் மாறியது.

“கடைசி வரிய எங்கனப்பா காணோம்?”

“அது சும்மா காலி வரிக்கா. தெரியாம தட்டியிருப்பீக.”

“தெரிஞ்சுதான் தட்டுறேன். திரும்பும்போது பின்சீட்டுல ஓரமா ஒரு எடம் விட்டுத்தான வாரோம். உங்காத்தா ஏறணும்ல?”

“காலையில ஏறாதவுக எப்பிடிக்கா?”

“அவுகதான் மேலயே நிக்கிறாகளே.”

முதலில் கோபம்தான் வந்தது. அன்றைக்கு எண்ணாமல் இறங்கி வந்தவர்களில் இந்த அக்காவும் ஒருவர். ஆனாலும் வீட்டுக்குப் போய் அந்தத் திருத்தத்தை அழித்தேன். பெற்றவளை நானே கழித்திருக்கிறேன் என்று தோன்றிவிட்டது.

போன ஐப்பசியில் ஒரு நாள் அடைமழை. மலையில் சிக்னல் இல்லாமல், பொழுது சாய்ந்து ஜீப் ஊருக்குள் வந்த பிறகுதான் ஃபைல் வந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லோரும் இருந்தார்கள். காலி வரிதான் இல்லை. உடனே போன் போட்டேன்.

“வரி விட மறந்துட்டீகளாக்கா?”

“இல்லப்பா.” அக்காவின் குரல் தணிந்திருந்தது. “எடம் காலியா இல்ல. பன்னெண்டு பேருதான் ஏறுனோம், ஆனா நெருக்கித்தான் உக்காந்து வந்தோம். இப்பத்தான் உங்க தெரு முக்குல ஜீப்பு நின்னுச்சு. யாரும் நிறுத்தச் சொல்லல.”

வாசல் கதவு திறந்தே கிடந்தது. இரண்டு வருடமாக அம்மா வந்துவிட மாட்டாரா என்று ஏங்கியவன், எழுந்துபோய்த் தாழ் போட்டேன்.

இந்த முறை அம்மாவை வெளியே விட்டது நான்தான்.