வாசலில் போட்ட நாற்காலிகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் இருந்தது ரத்தக்கொதிப்புக்காரரான என் கணவர் மட்டும்தான். பையைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டே ஓடினேன்.

அவரே எழுந்து வந்தார், கையில் காபி டம்ளரோடு. "ஏய், கத்தாத. எனக்கு ஒண்ணுமில்ல."

போன உயிர் திரும்பியதும் கோபம்தான் வந்தது. "பின்ன எதுக்கு இம்புட்டுச் சேரு? யாரு போட்டது?"

போட்டது எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்த பெண்கள். பக்கத்திலுள்ள சிறப்புக் குழந்தைகள் பள்ளியில் சேவை செய்ய வந்தவர்கள். ஒருத்தி பிரேசில், ஒருத்தி கொரியா, ஒருத்தி ஜெர்மனி. மூன்று பேருக்கும் ஒரே அறை, ஒரே சட்டியில் சமையல். சண்டை வந்தால் அவரவர் மொழியில் கத்துவார்கள். ஒன்றும் புரியாததாலோ என்னவோ, சீக்கிரமே சமாதானமாகிவிடுவார்கள்.

பிரேசில்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த ஜெர்மனிப் பெண்ணைக் காட்டினாள். "அக்கா, இவ அப்பா செத்துப் போச்சு. காலைல போன் வந்துச்சு. பிளைட்டு நாளைக்குத்தான். இவ அழல, சாப்பிடல. சேர் போட்டா எல்லாரும் வருவாங்கல்ல?"

அதற்கு முந்தின மாதம் பள்ளி ஆயாவின் கணவர் இறந்தபோது மூவரும் துக்கம் கேட்கப் போயிருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டதும் ஊரே வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதை நினைத்து, பந்தல் கடையில் நாற்காலி கேட்டு, இரண்டு பேருமே தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள். தெருவே என் கணவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று ஓடி வந்திருக்கிறது. விஷயம் தெரிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

உள்ளே ஜெர்மனிப் பெண் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். எதிர்வீட்டு அக்கா நேராகப் போய் அவளைக் கட்டிக்கொண்டு, "அழுதுரு தாயி, அழுதுரு" என்றார். என்ன புரிந்ததோ, அவர் தோளில் சாய்ந்து அந்தப் பெண் வெடித்து அழுதாள். தோழிகளும் அழுதார்கள். திட்ட வாய் திறந்திருந்த நானும் அழுதேன். நாங்கள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து இட்லி வந்தது. மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

இப்போது மூவரும் அவரவர் நாட்டில் இருக்கிறார்கள். போன வருடம் வில்லாபுரத்தில் என் அம்மா காலமானார். மூவருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். அன்று என் போனுக்கு மூன்று படங்கள் வந்தன. மூன்று ஊர்கள், மூன்று வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாற்காலி. அதில் என் பிள்ளைகளில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு, எந்தத் தெருவில் துக்கத்துக்கு நாற்காலி போட்டிருந்தாலும், தெரிந்தவர் வீடா என்று யோசிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் என்னால் வர முடிகிறது.