ஜீப்பு டிரைவர் சொன்ன நோய்

1

ஏலக்காய் சீசன். ஓ.பி.யில் உட்கார இடமில்லை. மலையிலிருந்து இறங்கின எஸ்டேட் ஜீப்பு ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு அம்மாவை இறக்கினார்கள். பெயர் பாண்டியம்மாள், ஊர் சிலமலை. கூட வந்தவர் புருஷன் முருகன். ரெண்டு பேருக்கும் ஒரே ஏலத்தோட்டத்தில் சோலி.

போடியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்கு நான் அப்போது மேனேஜர். எங்கள் பக்கம் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. மலையிலிருந்து நோயாளி வந்தால் நோயாளி பேசமாட்டார், வீட்டு ஆளும் பேசமாட்டார். ஜீப்பு டிரைவர்தான் பேசுவார். பில்லைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிற ஆளும் அவர்தானே! அவர் வாயில் என்ன நோய் வருகிறதோ அதுதான் ஓ.பி. சீட்டில் ஏறும்.

"நேத்து வச்ச மீன் கொழம்பத் தின்னுருக்கு மேனேஜரம்மா. ஒத்துக்கல. வெரசா ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

டூட்டி டாக்டர் சின்ன வயசு. அந்தக் கூட்டத்தில் வாந்திக்கு ஊசி எழுதி, டிரிப்ஸ் போடச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வார்டு நர்ஸ் கத்தினாள். வாயோரம் எச்சில் கொட்டுகிறது, உடம்பு தெப்பமாக வேர்க்கிறது, மூச்சு இழுக்கிறது. டாக்டர் ஓடிவந்து கண்ணை விரித்துப் பார்த்தார். கருமணி சுருங்கி ஊசிமுனை அளவுக்கு இருந்தது. "மீன் கொழம்பாம் மீன் கொழம்பு!" என்று பல்லைக் கடித்தார். பூச்சிமருந்து விஷம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அங்கேயே நின்ற டிரைவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு முருகனைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், ஒம் பொண்டாட்டி சாகக் கெடக்கா. இப்பவாச்சும் வாயத் தொற."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முந்துன நாளு மருந்தடிச்ச காடும்மா. எலையெல்லாம் ஈரம். காய் பழுத்துருமுன்னு கங்காணி உள்ள எறக்கிவிட்டான். நனைஞ்ச சேலையோடதான் காய் எடுத்துக்கிட்டு இருந்தா."

விஷத்தை முறிக்கிற அட்ரோப்பின் உள்ளே அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதை.

2

விஷம் என்றால் எம்.எல்.சி., அதாவது போலீஸ் கேசுக்கான மருத்துவப் பதிவு, போட்டு போலீசுக்குத் தகவல் அனுப்பியே ஆகணும். அது விதி. எங்களிடம் வெண்டிலேட்டர் இல்லாததால் தேனிக்கு அனுப்ப ஆம்புலன்சை வரச்சொல்லியிருந்தோம். அது வருவதற்குள் முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா, போலீசுக்கு மட்டும் எழுதிராதீக. எங்க ஊரு ஆளு ஒருத்தரையும் அப்பறம் கங்காணி ஜீப்புல ஏத்தமாட்டான்."

ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டரும் கீழே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுதாம இருக்க முடியாது மேடம். ஆனா எஸ்டேட் கேஸ் இனிமே நம்ம வாசலுக்கு வராது, தெரிஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பாண்டியம்மாள் மறுநாள் தேனியில் இறந்துபோனார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. வந்தவுடனே கண்ணைப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டூட்டி டாக்டர் என் அறையில் உட்கார்ந்து அழுதார்.

சம்பவம் நடந்தது மலைக்கு அந்தப் பக்கம், வேறு மாநிலம். இங்கேயிருந்து தகவல் அங்கே இருக்கிற போலீசுக்குப் போனது. அவர்கள் விசாரிக்கப் போனபோது, அப்படி ஒரு பெண் தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். தினக்கூலிக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏது? கேஸ் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. பெரிய டாக்டர் சொன்னபடி ஜீப்புகளும் எங்கள் வாசலை விட்டுவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தன.

3

சில மாதம் கழித்து முருகன் வந்தார். கூட அவர் மகள். அம்மாவின் அதே முகவெட்டு.

"அம்மா, போலீசுக்கு எழுதுனத வாபஸ் வாங்குங்க. வாங்கிட்டா மகள வேலைக்கு ஏத்திக்கிறேன்னு கங்காணி சொல்லிட்டான்."

"அது நான் நெனச்சா வாங்குறதில்ல அண்ணே. சட்டம். அதோட, அந்த மருந்துக்காட்டுக்கா இந்தப் புள்ளைய அனுப்பப் போறீக?"

"வேற எங்க அனுப்பச் சொல்றீக?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க எழுதுனீக. செத்தவ வந்தாளா? தோட்டக்காரனுக்கு ஒரு கேடாவது வந்துச்சா? வேல போனது எங்களுக்குத்தானம்மா?"

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

புதுசாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மலையிலிருந்து ஜீப்பு வந்தால் டிரைவரை முதலில் வெளியே அனுப்புங்கள். நோயாளியிடம் கேளுங்கள். பேச முடியாவிட்டால் கண்ணைப் பாருங்கள். பிறகு உள்ளது உள்ளபடி எழுதுங்கள். முதலாளி முறைத்தாலும் எழுதுங்கள். எழுதிவிட்டோம், கடமை முடிந்தது என்று மட்டும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வேல போனது எங்களுக்குத்தானம்மா என்று முருகன் கேட்டதையும் கூடவே கொண்டுபோங்கள்.