ஏழாம் படுக்கையின் எழுத்து

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அக்காவுக்கு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் அறை வேலை. மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒவ்வொரு படுக்கைக்கும் இங்கே ஒரு புரோகிராம் ஓடும். இதயம் ஒருமுறை துடித்தால் அது சட்டென்று விழித்து, குறித்துவிட்டு, உடனே தூங்கிவிடும். 'பிஎஸ்' என்று தட்டிக் கேட்டால் அதன் நிலை ஓரெழுத்தில் வரும். தூங்கினால் எஸ், ஓடினால் ஆர்.

அன்று ஏழாம் படுக்கையில் எங்கள் அப்பா. பக்கத்தில் நான். அக்காவை மாற்ற வேண்டிய ஆள் நாலு மணிக்குத்தான் வருவான். அவள் அறைக்குள் செல்போன் கூடாது. வெளியே பெட்டியில் பூட்டியிருந்தாள்.

"பயப்படாதடா. கீழேருந்து பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

மதியம் 3:12. தட்டினாள். ஆர்.

அப்பாடா!

3:15. ஆர். 3:19. ஆர்…

மனதில் ஏதோ உறுத்தியது. பத்துத் தடவை கேட்டால் ஒன்பது தடவை அது தூங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். மற்ற படுக்கைகளுக்கெல்லாம் எஸ். ஏழு மட்டும் அவள் கேட்கும்போதெல்லாம் விழித்திருந்தது.

'மனுஷன் கெட்டி' என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

3:40. ஆர்.

மறுபடியும் மறுபடியும் தட்டினாள்.

4:05. ஆர்…

மாற்று ஆள் வந்தான். அக்கா படியேறி ஓடி வந்தாள்.

படுக்கை காலி.

"பதினாலு தடவை போன் பண்ணேன்க்கா…"

"எங்கடா அப்பா?"

"மூணு பத்துக்கே போயிட்டார்."

"உளறாதடா! இப்பக்கூட ஓடிச்சு!"

"ஒயரெல்லாம் அப்பவே கழட்டிட்டாங்க. மெஷினையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

மறுநாள் அவளுடைய மேலதிகாரி கம்ப்யூட்டர் பதிவைத் திறந்து பார்த்தார். 3:10க்குப் பிறகும் ஏழாம் படுக்கையில் துடிப்புகள் இருந்தன. ஐம்பத்தைந்து நிமிடத்தில் மொத்தமே பதினெட்டு. அக்கா தட்டிய நேரங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவையும் பதினெட்டு. ஒரு நொடிகூடப் பிசகவில்லை. அவள் கேட்டபோதெல்லாம் ஒரு துடிப்பு. கடைசித் துடிப்பு 4:05:31.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

"நான் எழுந்து வந்திருக்கக் கூடாதுடா" என்று இன்றும் அழுகிறாள். "கேட்டுக்கிட்டே இருந்திருக்கணும்."