பெட்டிக்குள் என் முகம்

கொரோனா ஓய்ந்த மறுவருடம், கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு செத்த வீட்டில் நடந்தது இது. அப்போது நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். புத்தளம் பக்கத்து இளைஞன் ஒருவன் அங்கே புதிதாகச் சேர்ந்தான். வந்த நாளிலிருந்தே என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். என் சுருட்டை முடியைக் கேலி செய்யாத ஆளே அங்கு இல்லை, இவனும் அந்தக் கூட்டம்தான் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டான்.

“அக்கா, உங்கட அப்பா எந்த ஊரு?”

“நாவலப்பிட்டி. நாங்க இந்தியாவுல இருந்து வந்தவங்க தம்பி,” என்றேன் வெடுக்கென்று.

“நாங்களும் வந்த ஆக்கள்தான் அக்கா. எங்கட பரம்பரைய ஆபிரிக்காவுல இருந்து போர்த்துக்கேயர் கப்பல்ல கொண்டு வந்தாங்க.”

அதற்கு எனக்கென்ன என்று வேலையைப் பார்த்தேன்.

பிலிமத்தலாவையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவனுடைய சொந்த அக்கா திடீரென்று இறந்துபோனார். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு மத்தியானம் போனேன். நான் வாசலில் கால் வைத்ததும் பேச்சு நின்றது. கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். பெட்டியை எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில் நானே படுத்திருந்தேன். அதே நெற்றி, அதே முடி. இடது புருவம்கூட என்னுடையதைப் போலவே பாதியில் நின்றிருந்தது. ஓடிவிடலாம் என்றுதான் திரும்பினேன்.

அதற்குள் இறந்தவரின் அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். பார்வை மங்கியவர். பெட்டியில் கிடப்பது தன் மகளே இல்லை, மகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சாதித்துக்கொண்டிருந்தாராம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். இப்போது என் முகத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். “நான் சொன்னேன்தானே, வந்துட்டா,” என்று எல்லோரிடமும் அவர்கள் வீட்டில் பேசும் சிங்களத்தில் சொன்னார். பெட்டியை மூட விடவில்லை. பாதிரியார் காத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க போயிருங்க,” என்றான் அவன்.

போனால் அந்தத் தாய் காலமெல்லாம் மகளைத் தேடிக்கொண்டிருப்பார் என்று பட்டது. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, அவரைப் பெட்டிக்கு அருகே கூட்டிப்போய், அவர் கையை எடுத்து உள்ளே இருந்த நெற்றியில் வைத்தேன். மற்றக் கை என் கன்னத்தில்தான் இருந்தது. ஒரு கையில் சூடு, ஒரு கையில் குளிர். அப்படியே நின்றார். பிறகு அவர் அழுத அழுகையைக் கேட்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து நான் புறப்பட்டபோது, “நீ யாரு பெத்த புள்ள?” என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்பாவைப் பெற்றவர்கள் யாரென்று கேட்டார். அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவர் என் தலையைத் தடவிவிட்டார்.

எங்களுக்குள் உறவு உண்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அன்று செத்தது என் வீட்டு ஆள்தான் என்பதை மட்டும் என்னால் மாற்றி நினைக்க முடியவில்லை.