மஞ்சளைக் கூட்டியது யார்?

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. மனைவி அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. மேடை விளக்குத் தொழிலில் கேபிளையும் நம்பக் கூடாது, கன்சோலையும் நம்பக் கூடாது என்று நான் பதில் சொல்வேன்.

அந்த டிசம்பரில் நான் நம்பாமல் போனது என் மச்சினனை. மனைவியின் தம்பி, பன்னிரண்டு வருஷமாகத் தொழிலில் சரிபாதி. பீளமேட்டில் ஒரு சர்ச் அரங்கில் கிறிஸ்துமஸ் நாடகம். காலை ஒத்திகையில் வெள்ளை வெளிச்சம் வைத்தேன், மேடை மஞ்சளடித்தது. நீலத்தைக் கூட்டினேன். சற்று நேரத்தில் மறுபடி மஞ்சள்.

எங்கள் விளக்குகளுக்குக் கட்டளை என்பது வெறும் எண்தான், நிறத்துக்கு ஒன்று. நான் விளக்குகளை இயக்கும் கன்சோலிலிருந்து வைஃபையில் மேடையோரப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து விளக்குக்குப் போகும். இரண்டு இடத்திலிருந்து கட்டளை வந்தால், எந்த எண் பெரிதோ அதைத்தான் பெட்டி எடுத்துக்கொள்ளும். யார் அனுப்பினார்கள் என்று விளக்கு கேட்காது. நான் கேட்பேன். லேப்டாப்பில் பார்த்தேன். அனுப்புவது இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று மச்சினனின் டேப்லெட்.

கொஞ்ச நாளாகவே அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான், என்னைக் கண்டால் வைத்துவிடுகிறான். தனியாகத் தொழில் ஆரம்பிக்கச் சொல்லிப் பல்லடத்துக்காரர் ஒருவர் அவனைக் கூப்பிட்டதும் என் காதுக்கு வந்திருந்தது. என் பேரைக் கெடுத்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறான், வேறென்ன? அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன்.

மாலையில் நாடகம் தொடங்கியது. சம்மனசு, அதாவது தேவதூதர் வேஷத்தில் வந்த குழந்தைகளின் வெள்ளை அங்கி என் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. கர்வமாகக்கூட இருந்தது. அப்போது ஃபாதர் வந்து என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க, சம்மனசெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்குதுங்களே."

பின்னாலேயே மச்சினன் டேப்லெட்டோடு வந்தான். லைன் கிடைக்கவில்லை என்றான். உன் வேலை என்னவென்று எனக்குத் தெரியும் என்றேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா, உங்க கண்ணுல புரை விழுந்திருக்குதுங்க. வெள்ளையே உங்களுக்கு மஞ்சளாத் தெரியுது. நீங்க நீலத்தை ஏத்த ஏத்த, நான் அந்தப் பக்கம் மஞ்சளை ஏத்திச் சரிக்கட்டீட்டு இருந்தேனுங்க. ஆறு மாசமா."

வெளியே போய்ப் பேசியதெல்லாம் அவன் அக்காவிடமாம், என்னை எப்படிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது என்று. நேரே சொன்னால் நான் அவனைத்தான் சந்தேகப்படுவேன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. மேடையில் குழந்தைகள் நீலமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க மாமா."

காலையில் ஆத்திரத்தில் வைத்தது. சொல்லாமல் தீராது. சொன்னேன்: "துரோகி."

அவன் விரல் ஒரு கணம் நின்றது.

"எல்லாமே ஸ்மால் லெட்டருங்களா, மாமா?"